நாற்பது பிள்ளைகள், எட்டுப் பந்துகள்: தொடக்கப் பள்ளியில் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பது எப்படி?

தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் பெரும்பாலும் இருக்க மாட்டார். கணக்குப் பாடம் முடித்த கையோடு வகுப்பாசிரியரே விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வர வேண்டியதுதான். அப்படி வருகிறவர்களுக்காகவும், புதிதாகப் பணியில் சேர்ந்த பி.டி. ஆசிரியர்களுக்காகவும் எழுதியது இது. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, ஏறக்குறைய நாற்பது பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு பீரியட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவத்துக்குள் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

எல்லாப் படிக்கும் பொதுவாக ஓர் அளவுகோல் உண்டு. ஒரு பீரியடில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பந்து எவ்வளவு நேரம் இருந்தது என்று பாருங்கள். வரிசையில் நின்று முறை வரக் காத்திருக்கும் பிள்ளை முன்னால் நிற்பவனைக் கிள்ளக் கற்றுக்கொள்ளும், கூடைப்பந்தைக் கற்றுக்கொள்ளாது.

1. பணமும் காகிதமும்

சமக்ர சிக்‌ஷா என்னும் மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி விளையாட்டு மானியம் ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை மற்றும் மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000. தொகை கைக்கு வரும் மாதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் அவசரத்தில் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வர நேரும். ஜூன் மாதமே பட்டியலை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

முழு 5,000 ரூபாயையும் கூடைப்பந்துக்கே கேட்டால் எந்தத் தலைமையாசிரியரும் ஒப்ப மாட்டார். கேரம் போர்டும் ஸ்கிப்பிங் கயிறும் அதே பணத்தில்தான் வர வேண்டும். இரண்டு ஆண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: முதல் ஆண்டு நான்கு பந்து, பம்ப், ஊசி, அடுத்த ஆண்டு நான்கு பந்து, கோன்கள். இதற்கும் பணம் போதாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். முன்னாள் மாணவர்களிடம் பணமாகக் கேட்பதைவிட ‘ஐந்தாம் நம்பர் ரப்பர் பந்து இரண்டு’ என்று பொருளாகக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

சேர்த்து வைக்க வேண்டிய காகிதங்கள்: பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகல், கடைகளிடம் வாங்கிய விலைப்புள்ளிகள், ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில், இருப்புப் பதிவேட்டில் பதிந்த பக்க எண், கடைசியில் பயன்பாட்டுச் சான்று. புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. கிழிந்த பந்தைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். தணிக்கைக்கு வருகிறவர் பதிவேட்டில் எட்டு என்று இருப்பதைப் பார்த்து எட்டையும் எண்ணிக் காட்டச் சொல்வார். கிழிந்தாலும் மூட்டையில் கட்டி வையுங்கள். முறைப்படி கழிவு செய்து தலைமையாசிரியர் கையெழுத்திட்ட பிறகே வெளியே போக வேண்டும்.

இன்னொரு பட்டியலும் தேவை. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் யார் யார் என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி, உங்கள் உடற்கல்விக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளைக் கேட்டால் விளையாட ஆசைப்பட்டு ‘ஒண்ணுமில்ல சார்’ என்றுதான் சொல்லும்.

2. எந்தப் பந்து

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். பள்ளியில் ஏற்கெனவே கிடக்கும் பந்து ஏழாம் நம்பராக இருக்கும். அது வளர்ந்த ஆண்களுக்கானது: சுற்றளவு 75 முதல் 77 செ.மீ., எடை சுமார் 600 கிராம். எட்டு வயதுப் பிள்ளையால் அதை ஒரு கையால் தட்டவும் முடியாது, நெஞ்சிலிருந்து தள்ளவும் முடியாது. இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் வீசி எறியும். இந்தப் பழக்கம் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் ஆறாம், ஏழாம் வகுப்பிலும் போகாது.

நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஐந்தாம் நம்பர். சுற்றளவு ஏறத்தாழ 70 செ.மீ., எடை 480 கிராம் அளவில் இருக்கும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரின் மினி கூடைப்பந்துக்கு உரிய பந்தும் இதுதான். மூன்றாம் வகுப்புக்கும், உருவத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் மூன்றாம் நம்பர். சுமார் 300 கிராம். நான்காம் நம்பர் என்றும் ஒன்று உண்டு, ஆனால் நம் ஊர்க் கடைகளில் அபூர்வம்.

கடையில் ஆறாம் நம்பரை ‘இது கேர்ள்ஸ் சைஸ், சின்னப் பசங்களுக்கும் சரியா இருக்கும்’ என்று நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அதிலும் ‘3x3’ என்று அச்சிட்ட ஆறாம் நம்பர் பந்து ஒன்று வரும். அளவு ஆறு, எடை ஏழாம் நம்பருடையது. பார்த்தால் சின்னதாகத் தெரியும், தூக்கினால்தான் கனம் தெரியும்.

பொருள் ரப்பராக இருக்கட்டும். சிமென்ட் தரையில் தோல் பந்தும் செயற்கைத் தோல் பந்தும் ஓர் ஆண்டுகூடத் தாங்காது. நிவியா, காஸ்கோ போன்ற கம்பெனிகளின் ரப்பர் பந்து அளவைப் பொறுத்து 400 முதல் 700 ரூபாய்க்குள் கிடைக்கும். கைப்பம்ப்பும் ஐந்து ஊசியும் சேர்த்து 300 ரூபாய் ஒதுக்குங்கள். ஊசி நிச்சயம் உடையும், தொலையும்.

காற்றடிக்கும்போது ஊசியைத் தண்ணீரில் நனைத்துவிட்டு நேராகச் செருகுங்கள். காய்ந்த ஊசியைத் திருகி ஏற்றினால் வால்வின் ரப்பர் கிழிந்து உள்ளே போய்விடும். அந்தப் பந்து அதோடு சரி. எவ்வளவு காற்று என்பது வால்வுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 7 முதல் 9 பி.எஸ்.ஐ. அளக்கக் கருவி இல்லாவிட்டால் உங்கள் தலை உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். அது உங்கள் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே எழும்பினால் சரி. இடுப்புக்குக் கீழே நின்றால் காற்று போதாது. பிள்ளைகள் பந்தை ஓங்கி அறைகிறார்கள் என்று திட்டுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். காற்றில்லாத பந்தை அறைந்தால்தான் எழும்பும்.

3. தரையும் கம்பமும்

மண்ணில் கூடைப்பந்து எழும்பாது. செம்மண் மைதானத்தில் கோடு போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். காலை வழிபாடு நடக்கும் சிமென்ட் தளம் போதும். பத்து மீட்டருக்கு எட்டு மீட்டர் கிடைத்தாலே ஆட்டம் வரை ஓட்டலாம். பீரியட் தொடங்கும் முன் இரண்டு பேரை விட்டுப் பெருக்கச் சொல்லுங்கள். சிமென்ட் மேல் கிடக்கும் மெல்லிய மண்தான் வழுக்கும். செருப்போடு யாரையும் விடாதீர்கள். வெறுங்கால் என்றால் காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும், பதினொரு மணிக்கெல்லாம் சிமென்ட் கொதிக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தளத்தில் பாசி பிடிக்கும். எனவே முதல் பருவத்திலோ பொங்கலுக்குப் பிறகோ வைத்துக்கொள்வது நல்லது.

பள்ளியில் பழைய கூடைப்பந்துக் கம்பம் இருந்தால், பிள்ளைகளை அதன் கீழே விடுவதற்கு முன் அடிப்பகுதியைப் பாருங்கள். துரு எப்போதும் தரையோடு ஒட்டிய இடத்தில்தான் தின்னும், மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். இரண்டு பெரியவர்கள் சேர்ந்து தள்ளினால் கம்பம் ஆடக் கூடாது. 2025 நவம்பரில் ஹரியானாவில் இரு வேறு இடங்களில் கம்பம் சாய்ந்து விழுந்து இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். சந்தேகம் இருந்தால் எழுத்தில் தலைமையாசிரியருக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள். ரிங் இல்லாமலே முதல் ஆறு வாரம் நடத்தலாம்.

4. வகுப்பைப் பிரிப்பது

நாற்பது பேருக்கு எட்டுப் பந்து என்றால் ஐந்து பேருக்கு ஒன்று. ஐந்து பேரையும் வரிசையில் நிறுத்தினால் நான்கு பேர் சும்மா நிற்பார்கள். இப்படிச் செய்யுங்கள்: வகுப்பை இரண்டாகப் பிரித்து, இருபது பேர் கூடைப்பந்து, இருபது பேர் ஸ்கிப்பிங் அல்லது கோன்களுக்கிடையே ஓட்டம். பதின்மூன்று நிமிடத்தில் இடம் மாற்றுங்கள். கூடைப்பந்துப் பக்கம் எட்டுப் பந்தும் வந்துவிடும், ஏறக்குறைய இரண்டு மூன்று பேருக்கு ஒரு பந்து. மூன்றாமவர் எண்ணிச் சொல்பவர். ‘முப்பது விநாடியில் எத்தனை தட்டு’ என்று எண்ணுகிற பிள்ளை உன்னிப்பாகப் பார்க்கிறது, தன் முறை வரும்போது பாதி கற்றிருக்கும்.

40 நிமிடப் பீரியடில் வகுப்பிலிருந்து வந்து சேரவே 5 நிமிடம் போய்விடும். பிறகு 5 நிமிடம் உடம்பைச் சூடாக்க, இரண்டு பதின்மூன்று நிமிடச் சுற்று, மீதி பந்தை எண்ணிப் பையில் போட.

விசில் ஒரு தடவை அடித்தால் பந்து தரையில், இரண்டு பாதங்களுக்கு நடுவே. இதை முதல் நாளே ஐந்தாறு தடவை பழக்குங்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சொல்வதைக் கேட்கும் ஒன்பது வயதுப் பிள்ளை உலகத்தில் இல்லை. நீங்கள் பேசுவதும் ஒரு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

வளையல், தொங்கட்டான், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். நீண்ட நகம் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைக் கீறும். நகவெட்டி ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும்.

5. தட்டுதல்: மூன்று வாரம்

கூடைப்பந்தில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்ததும், மிக மெதுவாக வருவதும் இதுதான். அவசரப்பட வேண்டாம்.

முதலில் பந்தோடு கை பழகட்டும். இடுப்பைச் சுற்றிப் பந்தைக் கை மாற்றுவது, முழங்காலைச் சுற்றுவது, மேலே ஒரு முழம் போட்டுப் பிடிப்பது. ஒரு பீரியட் போதும். அடுத்து, நெஞ்சளவிலிருந்து பந்தைத் தரையில் விட்டு இரண்டு கையாலும் பிடிப்பது. இதைத் தடுமாறாமல் பத்துத் தடவை செய்யும் பிள்ளையை ஒரு கைத் தட்டலுக்கு மாற்றலாம்.

ஒரு கைத் தட்டலை ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றித் தொடங்குவது சுலபம். பந்து எழும்ப வேண்டிய உயரம் குறைவு, பிசகினாலும் தூரம் ஓடாது. வலது முழங்கால் கீழே என்றால் வலது கை. பத்துத் தட்டு ஆனதும் மறுபக்கம். பிறகு எழுந்து நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, பந்து இடுப்பைத் தாண்டாமல். பந்து விழ வேண்டிய இடம் பாதத்துக்கு வெளிப்பக்கம், சற்று முன்னால். நேர் முன்னால் தட்டினால் நடக்கத் தொடங்கியதும் பந்து சொந்தக் காலிலேயே பட்டு ஓடும்.

உள்ளங்கை பந்தில் படக் கூடாது, விரல்களின் சதைப் பகுதிதான் பட வேண்டும். இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். சாக்பீஸ் தூளைப் பந்தில் தடவிப் பத்துத் தட்டு தட்டச் சொல்லிவிட்டுக் கையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கை நடுவே வெள்ளை இருந்தால் பிள்ளைக்கே தெரிந்துவிடும். காதாலும் கண்டுபிடிக்கலாம்: உள்ளங்கையால் அறைந்தால் ‘பட்’ என்று சத்தம் வரும், விரலால் தள்ளினால் தரையில் விழும் சத்தம் மட்டுமே கேட்கும்.

‘பந்தைப் பார்க்காதே, நிமிர்ந்து பார்’ என்று முதல் நாளே கத்துவதில் பயனில்லை. முதல் வாரம் பார்த்தே தட்டட்டும். இரண்டாம் வாரம் நீங்கள் முன்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள், எத்தனை என்று அவர்கள் கத்த வேண்டும். தலை தானாக நிமிரும்.

இடது கையைத் தள்ளிப்போடாதீர்கள். வலது கையில் ஒரு நிமிடம் என்றால் இடது கையிலும் ஒரு நிமிடம், முதல் நாளிலிருந்தே.

மூன்றாம் வாரம் நடந்துகொண்டே, பிறகு மெல்ல ஓடிக்கொண்டே. இங்கே விளையாட்டைச் சேர்க்கலாம். எல்லோரும் ஒரு சதுரத்துக்குள் பந்தைத் தட்டிக்கொண்டே அடுத்தவர் பந்தைத் தட்டிவிட முயல்வது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பந்து போனவர் அவுட் என்று உட்காரவைத்தால், அதிகம் பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான் முதலில் உட்காரும். வெளியே போய்ப் பத்துத் தட்டு தட்டிவிட்டுத் திரும்பி வரலாம் என்று விதி வையுங்கள்.

6. பாஸ்

நெஞ்சிலிருந்து நேராகத் தள்ளும் செஸ்ட் பாஸைவிட, தரையில் பட்டுப் போகும் பவுன்ஸ் பாஸை முதலில் எடுங்கள். பெரும்பாலும் தலைகீழாகத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். நேராக முகத்தை நோக்கி வரும் பந்துக்குப் பயந்து பிள்ளை கண்ணை மூடித் தலையைத் திருப்பும், விரல் நுனியில் அடிபடும், பிறகு பந்தென்றாலே பின்வாங்கும். தரையில் பட்டு வரும் பந்து வேகம் குறைந்து இடுப்பளவில் வரும்.

இருவருக்கும் இடையே மூன்றாம் வகுப்பில் இரண்டு மீட்டர், ஐந்தாம் வகுப்பில் மூன்று, நான்கு மீட்டர். பந்து விழ வேண்டியது வாங்குபவர் பக்கமாக மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். நடுவில் விழுந்தால் பந்து உயர எழும்பி மெதுவாகப் போகும். எறியும்போது இரண்டு கையும் பந்தின் பக்கங்களில், கட்டைவிரல்கள் பின்னால். ஓர் அடி முன்வைத்துத் தள்ள வேண்டும். தள்ளி முடித்ததும் கட்டைவிரல்கள் தரையைப் பார்க்க, உள்ளங்கைகள் வெளிப்பக்கம் பார்க்க இருந்தால் சரி. வாங்குபவர் கைகளை முன்னால் நீட்டி விரல்களை விரித்து வைத்திருக்க வேண்டும். விரல் நுனி பந்தைப் பார்த்து நீண்டிருந்தால் அடிபடும்.

எல்லா ஜோடிகளும் ஒரே திசையில், உங்கள் விசிலுக்கு மட்டும் எறியட்டும். குறுக்கும் நெடுக்குமாகப் பந்து பறந்தால் யாருக்காவது மூக்கில் படும். வாரத்துக்கு இரண்டு பீரியட் வீதம் ஒன்றரை வாரத்தில் பவுன்ஸ் பாஸ் வந்துவிடும். செஸ்ட் பாஸுக்கு அதன் பிறகு ஒரு வாரம்.

7. நிற்பதும் திரும்புவதும்

ஓடி வந்து நிற்கத் தெரியாத பிள்ளைக்கு மற்றதெல்லாம் வீண். இதற்குப் பந்தே வேண்டாம். ஓடி வந்து விசில் கேட்டதும் சின்னதாக ஒரு குதி, இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையில். ‘டப்’ என்று ஒரு சத்தம்தான் கேட்க வேண்டும், ‘டப் டப்’ என்று இரண்டாகக் கேட்டால் மறுபடி. நின்ற பிறகு ஒரு பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு மற்றதை நகர்த்தித் திரும்புவதுதான் பிவட். ஊன்றிய காலைச் சுற்றி சாக்பீஸ் வட்டம் போட்டுவிட்டால் காலை எடுக்கிறார்களா என்று பக்கத்துப் பிள்ளையே சொல்லிவிடும்.

டிராவலிங் விதியை ஒரே வரியில் சொல்லுங்கள்: பந்தைக் கையில் பிடித்துவிட்டால் நடக்கக் கூடாது. யூடியூபில் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து பார்க்கும் பையன் ஒருவன் ‘அவங்க மட்டும் ரெண்டு ஸ்டெப் வைக்கிறாங்களே’ என்று கேட்பான். பெரிய வகுப்பில் சொல்லித்தருகிறேன் என்று முடித்துவிடுங்கள். அந்த விளக்கத்தைத் தொடங்கினால் அன்றைய பீரியட் போய்விடும்.

8. கூடையில் போடுவது

போட்டிகளில் ரிங்கின் உயரம் 3.05 மீட்டர். மினி கூடைப்பந்தில் 2.60 மீட்டர். மூன்றாம் வகுப்புக்கு அதுவும் அதிகம், இரண்டேகால் மீட்டர் போதும். மாற்றியமைக்கும் ரிங் வாங்கப் பணமிருக்காது. ஹுலா வளையத்தைக் கட்டடத்தின் ஜன்னல் கம்பியில் படுக்கைவாட்டில் கயிற்றால் கட்டலாம். கண்ணாடி ஜன்னல் வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் சுவரில் இரண்டேகால் மீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு சதுரம்.

ஒன்று, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து மட்டும் போடட்டும். எறியும் கை பந்தின் கீழும் பின்னும், முழங்கை பந்துக்கு நேர் கீழே. மறு கை பக்கவாட்டில் தாங்கினால் போதும், தள்ளக் கூடாது. பலம் முழங்காலை மடக்கி நிமிர்வதிலிருந்து வர வேண்டும். கை நீண்டு மணிக்கட்டு முன்னால் மடங்கிய நிலையில் ஒரு நொடி நிற்கச் சொல்லுங்கள். பிள்ளை பின்னால் சாய்ந்து எறிந்தால் திருத்திப் பேச வேண்டாம். தூரம் அதிகம், அல்லது பந்து கனம். ஓரடி முன்னால் கூப்பிடுங்கள்.

லே-அப், அதாவது ஓடி வந்து எழும்பிக் கூடையில் போடுவது, ஐந்தாம் வகுப்புக்கு மட்டும், கடைசி இரண்டு வாரத்தில். பின்னாலிருந்து முன்னுக்குச் சொல்லிக்கொடுங்கள்: முதலில் ரிங்குக்கு வலப்பக்கம் நின்றபடி இடது காலால் எழும்பி, வலது முழங்காலைத் தூக்கி, வலது கையால் போர்டில் படும்படி போடுவது. அது வந்தபின் அதற்கு முன் ஓர் அடி, பிறகு இரண்டு அடி, கடைசியில்தான் தட்டிக்கொண்டு வருவது. ஓடி வருவதிலிருந்து தொடங்கினால் கால் மாறி மாறிக் குழம்பும்.

9. ஆட்டம்

ஐந்துக்கு ஐந்து வேண்டாம். பந்தைச் சுற்றி ஒன்பது பேர் மொய்ப்பார்கள், மூன்று பேர் ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே இருப்பார்கள். மூன்றுக்கு மூன்று, மூன்று நிமிடம், உடனே அடுத்த அணிகள். அடுத்தவர் கையிலிருக்கும் பந்தைப் பிடுங்கக் கூடாது, பறக்கும் பந்தையும் தட்டும் பந்தையும் மட்டும் எடுக்கலாம். ரிங் இல்லாத பள்ளியில் கீழே விழாமல் ஐந்து பாஸ் ஒரு புள்ளி. தட்டுவதை நிறுத்திப் பந்தைப் பிடித்தபின் மறுபடி தட்டுவதை (‘டபுள் டிரிபிள்’) முதல் வாரம் கண்டுகொள்ளாதீர்கள், இரண்டாம் வாரத்திலிருந்து விசில் அடியுங்கள்.

ஆறேழு பேரை வைத்து அணி கட்டிப் போட்டிக்கு அனுப்பலாமா என்று யாராவது கேட்பார்கள். பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டிகளே 14 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்துதான் தொடங்குகின்றன. ஐந்தாம் வகுப்பு வரை நாற்பது பேரும் ஆடட்டும்.

10. அடிபட்டால்

அதிகம் வருவது விரல் சுளுக்கு. உடனே யாராவது பெரியவர் வந்து விரலைப் பிடித்து இழுத்துச் சொடுக்கெடுக்கப் பார்ப்பார். விடவே கூடாது. பிள்ளைகளின் எலும்பு முனையில் வளரும் பகுதி இருக்கிறது. அங்கே விரிசல் விட்டிருந்தாலும் வெளியே சுளுக்கு மாதிரியே தெரியும். துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, பெற்றோருக்குத் தகவல் சொல்லுங்கள். வீக்கம் பெரிதாக இருந்தாலோ விரலை மடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். தேதி, நேரம், என்ன செய்தீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் அன்றே எழுதிவிட வேண்டும்.

தண்ணீர்ப் பாட்டில் மைதானத்துக்கே வரட்டும். தாகம் என்று சொல்லும்வரை காத்திருக்காமல் சுற்று மாறும்போது எல்லோரும் குடிக்கட்டும்.

11. ஆண்டு முடிவில்

கோடை விடுமுறைக்குப் பூட்டும் முன் பந்துகளில் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். தகரக் கூரை போட்ட அறையில் முழுக் காற்றோடு வைத்தால் மே மாத வெப்பத்தில் உப்பி, கோளம் கோணிப்போகும். ஜூனில் தட்டினால் ஒரு பக்கமாக ஓடும். முழுக்க இறக்கினாலும் மடிப்பு விழுந்து அந்த இடத்தில் வெடிப்பு விடும். பையை ஆணியில் மாட்டி, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதி, சாவி யாரிடம் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.